ஞாயிற்றுக்கிழமைக் கடலை

தில்லையம்பலம் கிரேக்க நாட்டில் ஒரு தீவுக்குப் போகப்போகிறார் என்ற செய்தி, டோர்செட் பார்க்கில் அவர் குடும்பத்தோடு குடியிருந்த கட்டடத்தின் பதினாலு மாடிகளையும் மின்தூக்கியை விட வேகமாக ஏறி இறங்கியது. அந்தக் கட்டடத்தின் மின்தூக்கி கிழமைக்கு இரண்டு நாள் பழுதாகிக் கிடக்கும் என்பதால் இதில் பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. கேட்டவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். அங்கே யார் இருக்கிறார்கள்?

நியாயமான கேள்விதான். 1996இல் கனடாவின் ஸ்காபரோவிலிருந்து நம்மவர் ஒருவர் விமானம் ஏறினால், இறங்குகிற இடத்தில் ஒரு சொந்தம் காரோடு வந்து நிற்க வேண்டும். லண்டன் என்றால் தங்கச்சி, பாரிஸ் என்றால் மச்சான், சூரிச் என்றால் பெறாமகள் பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்கு. ஆளில்லாத ஊருக்குக் காசைக் கொட்டிப் போய்ச் சும்மா பார்த்துவிட்டு வருவது வெள்ளைக்காரருடைய வேலை. அதிலும் ஐப்பசியில், வெள்ளைக்காரர்களே கடல் குளித்து முடித்து வீட்டுக்குத் திரும்பிவிட்ட பிறகு, அங்கே போய் எதைப் பார்ப்பது?

தில்லையம்பலத்தின் மனைவி பாலேஸ்வரி முதலில் உள்ளதைச் சொல்லிப் பார்த்தாள். சும்மா பார்க்கப் போகிறோம் என்றாள். கேட்டவர்கள் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். எட்டாம் மாடி ஸ்ரீஸ்கந்தராசா உடுப்புத் தோய்க்கிற அறையில் தில்லையம்பலத்தைத் தனியே பிடித்து, யாராவது அங்கே வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரனிடம் மாட்டுப்பட்டு நிற்கிறார்களா, ஆளை எடுக்கத்தான் போகிறாரா என்று குரலைத் தாழ்த்தி விசாரித்தார். அப்படி ஒன்றுமில்லை என்றபோது, சொல்ல விருப்பமில்லையாக்கும் என்று பெருந்தன்மையோடு தலையாட்டிவிட்டுப் போனார். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்த பாலேஸ்வரி மூன்றாம் நாள் பதிலை மாற்றிவிட்டாள்.

"அங்க அவற்ற பொஸ்ஸின்ர அக்கா இருக்கிறா," என்றாள்.

அவ்வளவுதான், ஊர் வாய் அடங்கியது. அக்கா இருக்கிறா என்றால் சரி. யாருடைய அக்கா என்பதைப் பற்றி ஒருவரும் கவலைப்படவில்லை. பிள்ளைகள் மிதுனனையும் நிலாணியையும் பன்னிரண்டு நாள் பார்த்துக்கொள்ள ஒத்துக்கொண்ட பாலேஸ்வரியின் தங்கை ஜெயமலர், முன்பின் தெரியாத அந்த அக்காவுக்கு என்று ஒரு தகரப் பேணி நிறையப் பயத்தம் பணியாரம் சுட்டுக் கொடுத்துவிட்டாள்.

போகிற உண்மைக் காரணத்தைத் தில்லையம்பலம் வீட்டுக்கு வெளியே சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்று பயம். அவருக்கு நாற்பத்தேழு வயது. டான்ஃபோர்த் தெருவில் மனோலிஸ் என்ற கிரேக்கர் நடத்திய சாப்பாட்டுக் கடையில் தலைமைச் சமையல்காரர். பிறப்பிலிருந்தே சுத்த சைவம். மீன் கழுவிய தண்ணீரைக் கூட மிதிக்காத குடும்பம். அப்படிப்பட்ட மனிதர் ஆட்டிறைச்சியும் மாட்டிறைச்சியுமாக வருடக்கணக்காகக் கிரேக்கருக்குச் சமைத்துப் போட்டார், ஒரு துண்டைக் கூட நாக்கில் வைக்காமல். எல்லாம் மூக்கு. சட்டிக்கு மேலே குனிந்து, கண்ணை மூடி, ஒரு இழுப்பு இழுத்து, உப்பு இன்னும் அரைக் கரண்டி என்பார். சரியாக இருக்கும். சாப்பிட்டவர்கள் தட்டைப் பாண் துண்டால் வழித்துத் துடைத்து அனுப்புவார்கள். குசினிக்குள் நடப்பது தெரிந்திருந்தால் அவர்களுக்குப் புரைக்கேறியிருக்கும்.

அந்தக் கடையின் பேர்போன சமையல்களில் அவர் வாயில் வைத்துப் பார்க்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான், ஞாயிற்றுக்கிழமைக் கடலை. வெள்ளைக் கொண்டைக்கடலையை மண்பானையில் இட்டு, வெந்து குழைந்து பானையின் அடி சற்றுப் பிடிக்கும் வரை மணிக்கணக்காக அடுப்பில் வைத்து எடுப்பது. சிஃப்னோஸ் என்கிற தீவில் மனோலிஸின் தாயார் வைத்த கடலை அது. வாசல் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் 'என் அம்மாவின் கடலை' என்று பெரிதாக எழுதியே போட்டிருந்தார்கள். ஞாயிறு மத்தியானம் தேவாலயம் முடிந்து வருகிற கிரேக்கர்கள் அதற்காக வாசலில் வரிசையில் நின்றார்கள்.

ஆனால் அந்தக் கடலை பிறந்த கதை தில்லையம்பலத்துக்குத் தெரியும். ஒன்பது வருடத்துக்கு முன்பு அவர் அங்கே தட்டுக் கழுவ வந்தபோது அடுப்பில் நின்றவர் சீமோன். யாழ்ப்பாணத்துப் பாசையூர்க்காரர், கிரேக்கக் கப்பல்களில் ஆறு வருடம் சமைத்தவர். மனோலிஸ் பதினாறு வயதில் தீவை விட்டுக் கப்பலேறியவர். அம்மாவின் கடலை வேண்டும் என்று சொல்லத் தெரியுமே தவிர, அம்மா அதை எப்படி வைத்தார் என்று அவருக்குத் தெரியாது. சீமோன் ஒவ்வொரு ஞாயிறும் கடலை வைப்பார். மனோலிஸ் ஒரு கரண்டி வாயில் போட்டுவிட்டு, இது இல்லை என்பார். எண்ணெய் கூடிவிட்டது என்பார். அடுத்த ஞாயிறு வேறெதுவோ இல்லை என்பார். ஒன்றரை வருடம் இந்தக் கூத்து நடந்தது.

ஒரு மாசி மாத ஞாயிறு சீமோனுக்குப் பொறுமை போய்விட்டது. எண்ணெயை அடியோடு நிறுத்தினார். வெங்காயத்தையும் விட்டார். வீட்டிலிருந்து கொண்டுவந்த பெருஞ்சீரகத்தைக் கறுக்க வறுத்துக் கொட்டினார். பானையை அடிப்பிடிக்க விட்டுவிட்டுச் சிகரெட் குடித்தார். இந்தா தின்னு என்கிற மாதிரி கொண்டுபோய் வைத்தார். மனோலிஸ் ஒரு கரண்டி சாப்பிட்டார். கரண்டியை வைத்துவிட்டு எழும்பிப் பின்கதவைத் திறந்து, மேற்சட்டை கூட இல்லாமல் பனிக்குள் போய் நின்று அழுதார். தட்டுக் கழுவிக்கொண்டிருந்த தில்லையம்பலம் அதை யன்னலால் பார்த்தார். அன்றிலிருந்து அதுதான் அம்மாவின் கடலை. பிறகு சீமோன் அஜக்ஸ் நகரில் வீடு வாங்கிக்கொண்டு போக, பானை தில்லையம்பலத்தின் கைக்கு வந்தது.

இப்போது மனோலிஸுக்கு அறுபது வயது. நெஞ்சைத் திறந்து ஒரு தரம் தைத்தாயிற்று. பிள்ளைகள் குசினிப் பக்கம் எட்டியும் பார்ப்பதில்லை. கடையை நீ எடுத்து நடத்து, உன் பெயரைப் பலகையில் போடு, சுவரில் எழுதியிருப்பதை மட்டும் அழிக்காதே என்று தில்லையம்பலத்திடம் சொல்லிவிட்டார். கார்த்திகை பிறக்க முதல் பதில் வேண்டும். மாட்டேன் என்றால் பக்கத்து டோனட் கடைக்காரன் நடுச்சுவரை இடித்துவிட்டு இடத்தை எடுத்துக்கொள்வான். தில்லையம்பலம் வேறு வேலை தேட வேண்டியதுதான்.

வேறு யாரும் என்றால் துள்ளி விழுந்து ஓம் என்றிருப்பார்கள். பாலேஸ்வரியும் அதைத்தான் சொன்னாள். தில்லையம்பலத்துக்கு மனம் ஒப்பவில்லை. அவர் இந்த நாட்டுக்கு வந்தது வேறொருவனுடைய பெயரில். அந்தப் பெயரை யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கப் பழகி, அந்தப் பெயருக்குரிய பிறந்த திகதியைப் பாடமாக்கி, மூன்று விமான நிலையங்களில் வியர்த்து ஒழுகி வந்து சேர்ந்தவர். சொந்தப் பெயரில் ஒரு கடவுச்சீட்டுக் கையில் கிடைத்தது போன வருடம்தான். அந்தப் பெயரைக் கொண்டுபோய், ஒரு பாசையூர்க்காரன் கோபத்தில் கொட்டிய பெருஞ்சீரகத்தை இன்னொருவரின் தாய் வைத்த கடலை என்று சொல்லி விற்கிற கடையின் பலகையில் எழுதுவதா?

"போய்ப் பாத்திட்டுத்தான் சொல்லுவன்," என்றார் மனைவியிடம். "அந்தத் தீவில அப்பிடித்தான் வைக்கினம் எண்டா எடுப்பன். இல்லையெண்டா வேண்டாம். இன்னொருக்காக் கள்ளப் பேரில சீவிக்க என்னால ஏலாது பாலேஸ்."

பாலேஸ்வரி மறுத்துப் பேசவில்லை. அவர் சொன்னது உண்மைதான் என்றாலும், அதில் பாதி விடுப்பு அறிகிற ஆசை என்பது அவளுக்குத் தெரியும். பக்கத்து வீட்டில் என்ன கறி என்று மணத்தைக் கொண்டு கண்டுபிடிக்காவிட்டால் நித்திரை வராத மனிதர் அவர்.

மனோலிஸ் ஏன் தானே போகவில்லை என்று கேட்கலாம். அவர் கப்பலில் இருந்து மொன்றியலில் குதித்து ஓடியவர், ஊரில் கட்டாய இராணுவ சேவைக்குப் போகாமல் ஒளித்தவர். முதலில் போகப் பயம். பயம் தெளிந்தபோது கடைக்கு ஓய்வில்லை. இப்போது வைத்தியர் விமானத்தில் ஏறக்கூடாது என்கிறார். ஆகவே தமக்கைக்குக் கடிதம் எழுதிக் கொடுத்து, நீ போய் என் கண்ணாலும் பார்த்துவிட்டு வா என்று தில்லையம்பலத்தை அனுப்பிவைத்தார். நன்றி கூறும் நாள் விடுமுறை முடிந்து, கடையில் சனம் குறைகிற சமயம் பார்த்து இருவரும் புறப்பட்டார்கள்.

ஏதன்ஸ் துறைமுகத்திலிருந்து கப்பலில் ஆறு மணி நேரம். காற்று கப்பலைப் பிடித்து உலுப்பியது. பாலேஸ்வரி கந்தசஷ்டிக் கவசத்தை இரண்டு தரம் சொல்லி முடித்தாள். இறங்கிய இடம் கலியாணம் முடிந்த மறுநாள் வீடு மாதிரிக் கிடந்தது. கடற்கரை நெடுகக் கதிரைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். விடுதிக்காரர் ஒருவர் வாசலைப் பூட்டிவிட்டு வெளிச்சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். கோடை முழுக்க வெளியாருக்குச் சேவகம் செய்து களைத்த ஊர், இனித் தன்பாட்டில் இருக்கலாம் என்று காலை நீட்டியிருந்தது.

அதனால் ஊருக்கு நேரம் இருந்தது. விடுப்புக் கேட்பதில் கிரேக்கர்கள் யாழ்ப்பாணத்துக்கு ஒரு விதத்திலும் குறைந்தவர்கள் இல்லை என்று தில்லையம்பலம் அரை நாளில் கண்டுகொண்டார். எந்த நாடு, என்ன வேலை, எத்தனை பிள்ளைகள், பெண்பிள்ளைக்கு எத்தனை வயது, பாலேஸ்வரியின் தாலிக்கொடி எத்தனை பவுண் என்று எல்லாம் அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டார்கள். கடைசியில், இங்கே உங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்றும் கேட்டார்கள். அந்த அக்காவின் பெயரைச் சொல்லி, கத்தீனா என்றதும் முகம் மலர்ந்து, ஓ, கத்தீனாவா என்று பையைத் தூக்கிக்கொண்டு முன்னே நடந்தார்கள். பாலேஸ்வரி கணவனைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

மனோலிஸின் தமக்கை கத்தீனாவுக்கு அறுபத்தொன்பது வயது. கறுப்புச் சட்டை, கறுப்புத் தலைத்துணி, பனைமரம் போல் நிமிர்ந்த உடம்பு. அவருக்கும் இவர்களுக்கும் நடுவே பேச்சை எடுத்து வந்து கொடுத்தவர் பக்கத்து வீட்டு பேக்கரிக்காரர் அந்தோனிஸ், கப்பலில் பாண் சுட்டுக் கப்பல் ஆங்கிலம் பழகியவர். கத்தீனா தம்பியின் கடிதத்தை இரண்டு தரம் வாசித்து மார்புச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். பயத்தம் பணியாரத்தை முகர்ந்து, கடித்து, மூன்றை நின்ற நிலையிலேயே சாப்பிட்டார். புதனும் வெள்ளியும் அவர் மீன், இறைச்சி என்று மச்சம் சேர்ப்பதில்லை என்று அறிந்தபோது பாலேஸ்வரி அவரைக் கட்டிப்பிடிக்காத குறை.

மறுநாள் சனிக்கிழமை. பின்னேரம் கத்தீனா கடலைப் பானையை எடுத்தார். தில்லையம்பலம் அவர் தோளுக்குப் பின்னால் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றார். ஊறிய கடலை, நிறைய வெங்காயம், இரண்டு இலை, உப்பு, தொட்டியில் பிடித்து வைத்த மழைத்தண்ணீர். பிறகு ஒலிவ் எண்ணெயை எடுத்து, போதும் போதும் என்று இவர் மனம் கத்தக் கத்த ஊற்றிக்கொண்டே போனார். மூடியை வைத்து, விளிம்பைச் சுற்றிக் குழைத்த மாவால் அடைத்தார். பானையைத் தூக்கிக்கொண்டு பேக்கரிக்கு நடந்தார்கள். அங்கே ஊர் முழுவதும் பானையோடு நின்றது. ஒவ்வொரு பானையிலும் கரியால் ஒரு அடையாளம். அந்தோனிஸ் எல்லாவற்றையும் பாண் சுடுகிற விறகுப் போறணைக்குள் நீட்டுக் கழியால் தள்ளி வாயை மூடினார். இனி நாளைக்குப் பூசை முடிந்த பிறகுதான் திறப்பது. நடுவில் ருசி பார்ப்பதில்லையா என்று தில்லையம்பலம் கேட்டார். மூடிய பானையில் எப்படிப் பார்ப்பது என்று அந்தோனிஸ் திருப்பிக் கேட்டார். ஒரு ஊரே நாக்கில் வைக்காமல் சமைக்கிறது என்பதில் தில்லையம்பலத்துக்கு உண்டான சந்தோசப் புளுகத்தைச் சொல்லி முடியாது.

அந்தப் புளுகம் ஞாயிறு மத்தியானம் வரைதான். கத்தீனா மாவை உடைத்து மூடியைத் திறந்து தட்டில் போட்டார். கடலை வெண்ணெய்க்கட்டி போலக் கரைந்தது. வெங்காயம் இனித்தது. எண்ணெய் பொன் நிறத்தில் தளும்பியது. அருமையாக இருந்தது, அதுதான் பிரச்சினை. பெருஞ்சீரகம் மருந்துக்கும் இல்லை. அடிப்பிடித்த மணம் இல்லை. டான்ஃபோர்த்தில் ஆட்கள் வரிசையில் நின்று வாங்குகிற சாமானுக்கும் இதற்கும் கடலை என்ற பெயரைத் தவிர வேறு சம்பந்தமே இல்லை. அவர் அந்தோனிஸின் வீட்டுப் பானையைப் பார்த்தார். எதிர்வீட்டு ஆசிரியையின் பானையைப் பார்த்தார். எல்லாம் ஒன்று. யாராவது பெருஞ்சீரகம் போடுவார்களா என்று வெட்கத்தை விட்டுக் கேட்டார். கடலைக்கா என்று அந்தோனிஸ் சிரித்தார்.

தில்லையம்பலத்துக்கு மனது விட்டுப்போயிற்று. பின்னேரம் கடற்கரை மதிலில் இருந்தபோது, கடை டோனட்காரனுக்குத்தான் என்றார். பாலேஸ்வரிக்கு வேறொன்று இடித்தது.

"அப்ப அந்த மனுசன் எதுக்கு அழுதது?" என்றாள். "பொய்ச் சாப்பாட்டுக்கு ஆரும் பனிக்குள்ள போய் நிண்டு அழுவினமே?"

அந்தக் கேள்வி தில்லையம்பலத்தைப் பிடித்துக்கொண்டது. ஐந்து நாளும் தீவின் கல் ஒழுங்கைகளில் அதையே யோசித்துக்கொண்டு நடந்தார். முதல் மழை பெய்து மதில் ஓரங்களில் புல் அரும்பியிருந்தது. ஒரு திருப்பத்தில் மூக்கு அவரை நிறுத்தியது. ஆளுயரத்துக்குக் காய்ந்து நின்ற செடிகள், நுனியெல்லாம் விதை. ஒன்றைக் கசக்கி முகர்ந்தார். பெருஞ்சீரகம், காட்டில் தானாக வளர்ந்தது. ஊரைச் சுற்றி வேலி போல நின்றது. இத்தனை கிடந்தும் ஒரு வீட்டுக் கடலையிலும் இல்லாதது ஏன்? ஒரு பை நிறையப் பறித்தார். அடுத்த ஞாயிறு நான் கனடாவில் வைக்கிற மாதிரி ஒரு பானை வைத்துக் காட்டட்டுமா என்று அந்தோனிஸ் மூலம் கத்தீனாவைக் கேட்டார். விருந்தாளி ஆசைப்பட்டால் வேண்டாம் என்பது எப்படி என்று அவர் குசினியை விட்டுக்கொடுத்தார்.

சனிக்கிழமை கத்தீனா தன் பானையை வழக்கம்போலப் போறணைக்கு அனுப்பினார். ஞாயிறு விடியவே தில்லையம்பலம் வீட்டு அடுப்பில் தன்னுடையதை ஏற்றினார். கத்தீனா கைகளைக் கட்டிக்கொண்டு கதவடியில் நின்றார். எண்ணெய்ப் போத்தலை நீட்டியபோது இவர் வேண்டாம் என்று தலையாட்ட, அவருடைய புருவம் ஏறியது. விதையை வறுக்கத் தொடங்கி மணம் எழும்பியதும், கோழிகளைப் பார்க்க வேண்டும் என்ற மாதிரி எதையோ சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். பிறகு பூசைக்குப் போனவர் மத்தியானம்தான் அந்தோனிஸோடு வந்தார்.

மேசையில் இரண்டு பானைகளும் இருந்தன. தில்லையம்பலம் தன் பானையின் மூடியைத் தூக்கினார். பெருஞ்சீரகமும் அடிப்பிடித்த கருகலும் சேர்ந்த ஆவி மேலே வந்தது. கத்தீனா மூடியை அவர் கையிலிருந்து வாங்கித் திரும்பவும் பானைமேல் வைத்தார். கதிரையை இழுத்து இருந்தார். தில்லையம்பலம் ஏதோ தீட்டுப் பட்ட காரியம் செய்துவிட்டோம் என்று பயந்தே போனார். இதை உனக்கு யார் காட்டித் தந்தது என்று கத்தீனா கேட்பதாக அந்தோனிஸ் சொன்னார்.

தில்லையம்பலம் எதையும் மறைக்கவில்லை. சீமோனைச் சொன்னார், ஒன்றரை வருட ஞாயிறுகளைச் சொன்னார், உங்கள் தம்பி இது இல்லை இது இல்லை என்று சொல்லிச் சொல்லி வந்து நின்ற இடம் இது என்றார்.

கத்தீனா பேசினார். அந்தோனிஸ் ஆங்கிலத்தில் சொன்னதைத் தில்லையம்பலம் பாலேஸ்வரிக்குத் தமிழில் சொன்னார். 1941ஆம் ஆண்டு மாரி. வெளிநாட்டு இராணுவம் வந்து நாட்டைப் பிடித்த காலம். கப்பல் நின்றுபோயிற்று. அப்பா தை மாதம் செத்துப்போனார். அம்மா வீட்டிலிருந்த எண்ணெயை ஜாடி ஜாடியாகக் கொடுத்து மா வாங்கி முடித்தார். விறகில்லாமல் பேக்கரிப் போறணை நாலு மாதம் குளிர்ந்து கிடந்தது. மிஞ்சியது ஒரு கைப்பிடி கடலையும் மாட்டுக்குப் போடுகிற பருப்பும்தான். எண்ணெய் இல்லை, வெங்காயம் இல்லை. மாட்டுத்தீனியின் நாற்றத்தை மறைக்க அம்மா மதிலோரத்து விதையை வறுத்துப் போட்டார். அடியைக் கருக விட்டார், கருகல் மணம் வீடெல்லாம் நின்றால் நிறையச் சமைத்த மாதிரி இருக்கும் என்று. ஐந்து வயது மனோலிஸிடம், இது பெருநாளைக்கு வைக்கிற கடலை, ஊரில் நமக்கு மட்டும்தான் கிடைத்தது, வெளியில் சொல்லிவிடாதே என்று சொல்லி ஊட்டுவார். பதினாலு வயதுக் கத்தீனாவுக்கு எல்லாம் தெரியும். தம்பி வழித்துச் சாப்பிட்ட பிறகு மிச்சம் இருந்தால் அவருக்கு. அம்மாவுக்கு இருந்ததாக ஞாபகமில்லை. போர் முடிந்து இந்த ஐம்பது வருடத்தில் ஒருநாளும் அந்த விதையை இந்த வீட்டுக்குள் எடுத்ததில்லை என்றார்.

தில்லையம்பலம் எழும்பி, கொண்டுபோய்க் கொட்டிவிடுகிறேன் என்று பானையில் கை வைத்தார். கத்தீனா தடுத்தார். தம்பி இதைச் சாப்பிட்டுவிட்டு என்ன சொன்னான் என்று கேட்டார்.

இதற்கு ஈடான சாப்பாடு உலகத்தில் இல்லை என்கிறார் என்று தில்லையம்பலம் சொன்னார். வெளியே போய் நின்று அழுதார் என்றார். சுவரில் எழுதி வைத்திருக்கிறார், ஆட்கள் வரிசையில் நின்று வாங்குகிறார்கள் என்றார்.

கத்தீனா கையால் வாயைப் பொத்திக்கொண்டார். முதலில் வந்தது சிரிப்பு. அது நிற்காமல் வந்து, தோள் குலுங்கி, பிறகு அழுகையாகிவிட்டது. நடுவில் ஒன்றைச் சொன்னார்.

"அம்மா வென்றிட்டா எண்டு சொல்லுறா," என்று தில்லையம்பலம் பாலேஸ்வரிக்குச் சொன்னார்.

பிறகு கத்தீனா மூடியைத் தானே திறந்து, தன் தட்டில் போட்டுச் சாப்பிட்டார். முடித்துவிட்டு இன்னொரு கரண்டியும் போட்டுக்கொண்டார். தம்பியிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அம்மா அவனுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்ட விஷயம், கல்லறைக்கும் தன்னோடு கொண்டுபோன விஷயம், அதைத் திறக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது என்றார்.

அன்று பின்னேரம் பாலேஸ்வரி பெட்டியை அடுக்கியபடி, திரும்பிப் பார்க்காமலே பேசினாள்.

"எண்பத்தேழு ஐப்பசிச் சண்டைக்குள்ள நான் பிள்ளையளோட நல்லூர்க் கோயிலுக்க அகதியா இருந்தனான் எல்லே. நீங்கள் அப்ப கனடாவுக்கு வந்திட்டியள். கஞ்சி எண்டு தண்ணிதான் தந்தவை. மிதுனனுக்கு அஞ்சு வயசு. இது முருகன் உனக்கெண்டு தந்த பிரசாதமடா, மிச்சம் விடக்கூடாது எண்டு சொல்லிப் பருக்கினனான். இப்பவும் எங்கட ஸ்காபரோக் கோயில்ல சர்க்கரைப் பொங்கலைச் சாப்பிட்டிட்டு, நல்லூர்ப் பிரசாதம் மாதிரி வராதம்மா எண்டுவான். நான் ஒண்டும் சொல்லுறேல்லை."

தில்லையம்பலம் ஒன்பது வருடத்தில் இந்தப் பிரசாதக் கதையை முதல் தரம் கேட்கிறார். கடிதங்களில் அவள் எழுதவில்லை, வந்த பிறகும் சொல்லவில்லை. ரொறன்ரோவில் தான் தட்டுக் கழுவப் பழகிய அந்த ஐப்பசியை நினைத்தார். வெட்கமாகவும் இருந்தது, அவளை நினைக்கப் பெருமையாகவும் இருந்தது. உடுப்பு மடிக்க அவளுக்கு உதவி செய்தார்.

ரொறன்ரோவுக்கு அவர்கள் திரும்பியபோது முதல் பனி தூவியிருந்தது. மனோலிஸ் பூட்டிய கடைக்குள், பத்திரங்களை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு காத்திருந்தார். பத்திரங்களை அவர் பார்க்கவே இல்லை. தில்லையம்பலம் மேற்சட்டையைக் கழற்றவும் விடாமல், அக்கா எப்படி இருக்கிறாள், வீட்டுக்கு வெள்ளை அடித்திருக்கிறாளா, துறைமுகத்து மணிக்கூண்டு நிற்கிறதா என்று சிறுபிள்ளை மாதிரிக் கேட்டார். கடைசியில் அவர் கேட்கப் பயந்ததையும் கேட்டார். அக்காவின் கடலையைச் சாப்பிட்டாயா, நம்முடையது அதே மாதிரிதானா?

இன்னொரு பொய்யோடு சீவிக்க மாட்டேன் என்று சபதம் எடுத்துக்கொண்டு கடல் தாண்டிப் போன மனிதர், நெஞ்சில் தையல் போட்ட அந்தக் கிழவரின் முகத்தைப் பார்த்தார். ஒரு கணமும் தயங்கவில்லை.

"அதே மாதிரித்தான் பொஸ். நான் வச்சதை உங்கட அக்கா ரெண்டாந்தரமும் வாங்கிச் சாப்பிட்டவா."

மனோலிஸ் மேசையில் ஒரு தட்டுத் தட்டினார். கண் கலங்கிவிட்டது. எனக்குத் தெரியும், என் அம்மாவைப் போல ஒரு சமையல்காரி அந்தத் தீவிலேயே இருந்ததில்லை என்றார்.

"ஓம் பொஸ்," என்றார் தில்லையம்பலம். "அவா சமைச்ச மாதிரிச் சமைக்க எல்லாராலயும் ஏலாது."

பிறகு மேற்சட்டையைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, எங்கே கையெழுத்து வைப்பது என்று கேட்டார்.